தறி ஓடும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

திருப்பதியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் மலைக்குப் போகத்தான் வருகிறார்கள் என்பது அந்த ஊர் ஆட்டோக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ரயில் நிலைய வாசலில் நூறு அடி நடப்பதற்குள் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். எட்டாவது ஆளிடம், “மலைக்கு இல்லண்ணே, டீ குடிக்கப் போறேன்” என்றேன். அவர் தமிழில் தெளிவாகச் சொன்னார்: “டீ குட்ச்சிட்டு மலைக்குத்தானே போவீங்க?”

நான் வந்தது சாமி பார்க்க இல்லை. ஒரு பெண் பொய் சொல்கிறாளா என்று பார்க்க.

என் வேலை அப்படி. கூலி, படிப்பு, குடும்பச் செலவு என்று ஆய்வுக்காரர்கள் எதையாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள். அதற்காகச் சிலர் கையில் டேப்லெட்டுடன் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பார்கள். அவர்கள் கேட்ட வீடுகளில் சிலவற்றுக்கு மறுபடி போய் அதே கேள்விகளைக் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவள் நான். இதற்கு மறுசோதனை என்று பெயர். மாமியார் உத்தியோகம் என்பாள் என் அண்ணி. இருபத்திரண்டு வருடங்களாக இந்த உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில் என் பெட்டி எப்போதும் பாதி அடுக்கியபடியே இருக்கும். உட்கார்ந்தால் கால் ஆடும். உனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

இந்த முறை விஷயம் ஆந்திர எல்லையில் உள்ள நகரி என்ற தறி ஊர். தறி வீடுகளில் வரும் கூலி எவ்வளவு, அதில் பிள்ளைகள் படிப்புக்குப் போவது எவ்வளவு என்று ஓர் ஆய்வு. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்க அமர்த்தப்பட்ட பெண் சுகுணா. திருப்பதியில் எம்.ஏ. முடித்தவள், வயது இருபத்தாறு. கேள்வி கேட்கும்போது டேப்லெட் தானாகவே பேச்சைப் பதிவு செய்துகொள்ளும். சுகுணாவின் பதிவுகளில் பேச்சே இல்லை. எல்லாவற்றிலும் தறிச் சத்தம்தான். தடக் தடக் தடக் தடக். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்.

சென்னையில் இருந்து ஆய்வை நடத்துபவரை நாங்கள் ‘சார்’ என்றுதான் சொல்வோம். இங்கேயும் அவர் சாராகவே இருக்கட்டும். “தறிக்குப் பக்கத்துல டேப்லெட்ட வெச்சிட்டு, அந்தப் பொண்ணே உக்காந்து நிரப்பியிருக்கு மேடம். பதினோரு வீட்டைப் பாருங்க. தப்புன்னா வேலையும் கிடையாது, அனுபவச் சான்றிதழும் கிடையாது” என்றார். அடுத்த வாரம் சுகுணாவுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் சேர நேர்முகம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவள் உள்ளேயே நுழைய முடியாது.

சார் சொன்னதை நான் உடனே நம்பினேன். அதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு மழை நாளில், தோவாளைப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று மூன்று படிவங்களை நானே நிரப்பினேன். இல்லாத மூன்று குடும்பங்களுக்கு மாடு, கிணறு, பிள்ளைகள் எல்லாம் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதிலிருந்து யார் படிவத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த மரம்தான் தெரியும். தான் திருடி அயலாரை நம்பாள் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. அது நான்தான்.

சுகுணாவை ஒரு டிபன் கடையில் சந்தித்தேன். பெசரட்டு வந்தது. பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவை வைத்து மடித்திருந்தார்கள். ஒரு பலகாரத்துக்குள் இன்னொரு பலகாரத்தை ஒளித்து வைக்கிற ஊர் என்று மனதில் குறித்துக்கொண்டேன். சந்தேகப்பட வந்தவளுக்கு உப்புமாகூடத் தடயம்தான். இஞ்சிச் சட்னியைத் தொட்டு வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் காரம் தேங்காய்க்குப் பின்னால் வெட்கப்பட்டு நிற்கும். இங்கே அது கதவைத் திறந்து முன்னால் வந்து நிற்கிறது.

“மொதல்ல துன்னுங்க மேடம். அப்பால பேசலாம்” என்றாள் சுகுணா. ஒல்லியான பெண். பேசும்போது உதட்டை அதிகமாக அசைத்தாள், காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

“செக்கிங்குக்குத்தானே வந்துகிறீங்க?”

“ஆமா.”

“எல்லாம் கரீட்டாத்தான் இருக்கும் மேடம்” என்றாள். பிறகு பெசரட்டைப் பார்த்துக்கொண்டு, “ஆனா எனுக்கு பயமாக்குது” என்றாள்.

பயப்படுகிறவள் தப்பு செய்தவள் என்று முடிவுகட்டிக்கொண்டேன். தப்பே செய்யாமல் நான் எத்தனை பேருக்குப் பயந்திருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் நகரி பஸ்ஸில் ஏறினோம். புத்தூரில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்து, ஏதோ ஒடிந்துவிட்டது என்று தெலுங்கில் அறிவித்தார். பின் சீட்டில் கையில் கட்டோடு இருந்த பெரியவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. சுகுணா மொழிபெயர்த்தாள்: “ஒடியறதுன்னா சரியான ஊர் பார்த்துத்தான் ஒடிஞ்சிருக்கு, கட்டு போட்டு வுட்டுருவாங்கன்றாரு.” எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் பல மாநிலத்தவர்கள் வருகிற ஊர் அது. பஸ்ஸுக்குத்தான் கட்டுப் போட ஆளில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். நான் சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளரிக்காய் விற்ற அம்மா என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். சுகுணா சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தியபின் சொன்னாள்: “இந்தம்மா இன்னாத்தத் தொலைச்சிட்டாங்கன்னு கேக்குறாங்க.”

அங்கே நின்றபோது ஒரு கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரே நிறச் சீருடையில் தூங்கி வழியும் பெண் பிள்ளைகள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிறது என்றாள் சுகுணா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போவார்களாம். “என் கூட பட்ச்சவங்க பாதி பேரு அதுலதான் போய்க்கினு இருக்காங்க.”

நகரியில் அந்தத் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே தெரு கேட்டது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர்களின் பெயர்களையும், அவர்கள் சொன்ன எண்களையும் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டின் முன்கூடத்திலும் இரண்டோ நான்கோ விசைத்தறிகள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அலைச் சத்தம்போல, இங்கே இருப்பவர்களுக்கு இது. அலையாவது நடுநடுவே மூச்சு வாங்கும்.

விதிப்படி மறுசோதனையின்போது சுகுணா உடனிருக்கக் கூடாது. அவளை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு முதல் வீட்டுக்குள் போனேன். கஸ்தூரியின் வீடு. நாற்பது வயது இருக்கும். இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். மற்ற இரண்டு தறிகளைக் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைக் கத்திச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. டேப்லெட்டைக் காட்டி, தறியைக் காட்டி, கையை வெட்டுவதுபோல் சைகை செய்தேன். நிறுத்துங்கள்.

கஸ்தூரியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கணவரைப் பார்த்தாள். நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அமைதி வந்ததும் அந்த வீடே எழுந்து வந்துவிட்டது. உள்ளே படுத்திருந்த நாத்தனார் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டினாள். நான் பதிவை ஓடவிட்டேன். ஊசி விழுந்தால் கேட்கும். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

“நீங்க என்ன வேலை செய்யிறீங்க?”

“அவ சும்மாத்தான் கீறா மேடம்” என்றார் கணவர். அவள் அந்த நிமிடம்தான் இரண்டு தறிகளை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குன்னு தனியா ஏதாவது வருமானம்?”

“அக்கம்பக்கத்துத் தறிங்களுக்குத் தாரு சுத்திக் குடுப்பேன் மேடம்.” தார் என்பது ஊடை நூல் சுற்றிய சின்னக் குச்சி. அது தீரத் தீர, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் புதிது போட வேண்டும். “அதுல இன்னா வரும், மாசத்துக்கு ஒரு ரெண்டாயிரம். இவரு கைலதான் குடுத்துடுவேன்.”

“பொண்ணு மேல படிக்குமா?”

மறுபடியும் கணவர்தான். “இண்டர் முட்ச்சிட்டா மேடம். கம்பெனி பஸ்ஸு ஊட்டாண்ட வருது. ஏத்தி வுட்டா மாசமானா ஜீதம். டிகிரி பட்ச்சி இன்னா பண்ணப் போவுது?” இண்டர் என்றால் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு, ஜீதம் என்றால் சம்பளம்.

கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டு, “அவரு சொல்றதுதான் மேடம்” என்றாள். மகள் ஹேமா சமையலறை வாசலில் ஒரு சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றும் இல்லாமல் வைத்திருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

சுகுணாவின் படிவத்தில் இந்த வீட்டுக்கு என்ன இருந்தது தெரியுமா? மனைவி: இரண்டு தறிகள் ஓட்டுகிறார், தாரும் சுற்றுகிறார். தார் கூலி நான்காயிரம். மகள்: திருப்பதியில் டிகிரி சேர்க்க ஏற்பாடு. செலவு செய்பவர்: தாய்.

அடுத்த இரண்டு வீடுகளிலும் இதே கதை. தறி நின்றது, ஆள் கூடியது, ஒரு பதிலும் ஒத்துப்போகவில்லை. மூன்று வீட்டுக்கும் மாடும் கிணறும் வைத்துவிட்டாள் இந்தப் பெண் என்று எனக்குள் கொதித்தது. என் வேப்பமரத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தையும் சேர்த்து அவள் தலையில் கொட்டினேன். டீக்கடையில் நாலு பேர் பார்க்க, “படிச்ச பொண்ணு இப்படிச் செய்யலாமா? கையும் களவுமா மாட்டியிருக்கே, இனி என்ன சொல்லப் போறே?” என்றேன்.

அவள் அழவில்லை. “தறிய நிறுத்தச் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“பின்னே? சத்தத்துல எப்படிக் கேக்கது?”

“ஓடிக்கினு இருக்கற தறிய நடுவுல நிறுத்தி ஓட்டுனா, அந்த எடத்துல துணில ஒரு கோடு வுழும் மேடம். மொதலாளி பீஸத் திருப்பிடுவாரு, இல்லனா கூலில புட்ச்சிக்குவாரு.”

மூன்று வீட்டுத் துணியிலும் நான் வந்துபோனதற்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது. கூலியைப் பற்றிக் கேட்கப் போய்க் கூலியில் கை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் பொய் பொய்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

“அப்ப அந்தப் பொம்பளைங்க ஏன் வேற சொல்றாங்க? அதச் சொல்லு.”

“அவங்க என்னாண்ட சொன்னது இன்னா, எதுக்குன்னு நா சொல்ல மாட்டேன் மேடம். சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்கு குட்த்துகிறேன்.” டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கு ஓடச் சொல்லவே கேட்டுப் பாருங்க” என்றாள். தறி ஓடும்போதே கேட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். சான்றிதழ் கைநழுவிப் போகிறது என்று தெரிந்தும் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

திருப்பதி திரும்பும் பஸ்ஸில் சுகுணா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் என்னிடம் அன்பாகக் கேட்டாள்: “தரிசனம் நல்லா ஆச்சா?”

மூன்றாம் நாள் தனியாகப் போனேன். விடுதியில் ராகி சங்கடி கிடைத்தது. கேழ்வரகுக் களி உருண்டை, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பரிமாறியவர் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு எதையும் மென்றுதான் பழக்கம். விழுங்கினேன், வயிற்றில் ஒரு கல் போல உட்கார்ந்து மாலைவரை பசிக்கவே இல்லை.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும் தறிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். ஓடி வந்து கையைப் பிடித்தேன். வேண்டாம், ஓடட்டும். அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். இங்கே பார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவில் பகலெல்லாம் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. ஆனால் பேச்சு நின்றதே இல்லை. கஸ்தூரி உதட்டால் சொல்ல, தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கூடத்தில் நின்றவள் சிரித்தாள். எண் என்றால் விரல். இழை அறுந்தால் கை மணிக்கட்டில் ஒரு வெட்டு. முடிச்சுப் போட்டாகிவிட்டது, ஓட்டலாம் என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு. சுகுணா உதட்டை அதிகமாக அசைப்பது எனக்கு எரிச்சல் ஊட்டியதே, அவள் இந்தச் சத்தத்துக்குள் பேச்சுப் பழகியவள். ஒலிப்பதிவில் பேச்சு எப்படி இருக்கும்? யாருமே குரலால் பேசவில்லை.

எனக்கு உதடு படிக்கத் தெரியாது. கஸ்தூரிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தெலுங்கு. டேப்லெட்டில் கேள்விகளைத் தெலுங்குக்கு மாற்றி அவள் முன் நீட்டினேன். எனக்கு அது ஜாங்கிரி பிழிந்ததுபோல் இருந்தது, ஆனால் கேள்வி எண் தெரியுமே. அவள் தறியைப் பார்த்துக்கொண்டே படித்தாள், நாடா மாற்றிக்கொண்டே விரல் காட்டினாள். நான் என் தமிழ்த் தாளில் அந்த எண்ணுக்கு நேரே எழுதினேன். இரண்டு படிப்பாளிகள் சேர்ந்து ஒரு படிவத்தை முடித்தோம்.

தார் கூலிக் கேள்வி வந்தது. கணவர் அவள் பக்கம் திரும்பியிருந்தார். இரண்டு விரல். அவர் நூல் எடுக்கக் குனிந்தார். உடனே தறிக்குக் கீழே நான்கு விரல். நிமிர்ந்தார். இரண்டு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

மற்ற இரண்டு எங்கே என்று எப்படிக் கேட்பது? கையை விரித்தேன். அவள் கண்ணால் சமையலறை வாசலைக் காட்டினாள். ஹேமா அங்கே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி ஒரு விரலால் காற்றில் எழுதுவதுபோல் காட்டிவிட்டு, திருப்பதி இருக்கும் திசையைக் காட்டினாள். பிறகு அந்த விரலை உதட்டின் குறுக்கே வைத்தாள். சுகுணாவின் படிவத்தில் இருந்தது அத்தனையும் சரி.

நான் கிளம்ப எழுந்தபோது கஸ்தூரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் சிரித்தது. என்னைக் காட்டி, விரல்களை உரசிக் காட்டினாள். உனக்கு எவ்வளவு?

இருபத்திரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கானவர்களிடம் நான் கேட்ட கேள்வி. திருப்பி என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஏதோ வருது என்றிருப்பேன். அந்தத் தறிச் சத்தத்தில் நான் விரல்களைக் காட்டினேன், உள்ளபடி. அவள் புருவம் உயர்ந்தது. அடுத்த கேள்வியையும் கேட்டாள். தூரத்தில் ஒரு வீடு இருப்பதுபோல் கையைக் காட்டி, வாயில் விரலை வைத்து எடுத்தாள். வீட்டில் சொல்வது எவ்வளவு?

விரல்களில் பாதியை மடக்கினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், கல்யாணம் ஆகாமல், அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அண்ணன் நல்லவர், அண்ணியும் நல்லவள்தான். ஆனாலும் கதவைச் சாத்தினால் என்னுடையது என்று சொல்ல ஒரு சின்ன வீடு வேண்டும். அதற்காகப் பல வருடங்களாகப் பாதியைச் சொல்லிப் பாதியை ஒளிக்கிறேன். கஸ்தூரி என் மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகுத் திருகினாள். எனக்கு அழுகை வந்தது. சத்தம் இருந்ததால் அழுதேன்.

வெளியே வந்து சுகுணாவுக்கு ஃபோன் செய்தேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றாள். பிறகு, “கஸ்தூரியக்கா உங்களயும் கேட்டாங்களா? என்னயும் கேட்டாங்க” என்று சிரித்தாள்.

அன்றும் மறுநாளும் ஒரு தறியையும் நிறுத்தாமல் பத்து வீடுகளை முடித்தேன். எல்லாம் ஒத்துப்போனது. பதினோராவது குடும்பம் பிச்சாட்டூருக்குக் குடிபோயிருந்தது. ஒரு ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாருடைய கோழியோ உட்கார்ந்து வந்தது. அணைக்கட்டைத் தாண்டி அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது எனக்குப் புது இடைஞ்சல்: வீட்டில் தறியே இல்லை. மயான அமைதி. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து தெலுங்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னையும் டேப்லெட்டையும் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு தூக்கு நிறையக் கேழ்வரகை எடுத்து வந்தாள்.

“மில்லுக்குப் போய்க்கினே பேசலாம் வாங்க்கா” என்றாள்.

மாவு மில்லில் எந்திரம் கடகடத்தது. கேழ்வரகை அரைக்கக் கொடுத்துவிட்டு, மாவுப் புகைக்கு நடுவே நின்று, விரல் விரலாக அத்தனை உண்மையையும் சொல்லி முடித்தாள். இருவரும் வெள்ளைத் தலையோடு வெளியே வந்தோம்.

பதில்கள் விரலில் வந்தவை என்ற குறிப்போடு பதினோரு பதிவுகளையும் அனுப்பினேன். அவற்றில் பத்து தறிச் சத்தம், ஒன்று மில் சத்தம். முதலில் தறியை நிறுத்தி எடுத்த மூன்று தெளிவான பதிவுகளுக்கான படிவங்களில், இவை நான் கேட்டவிதத்தால் கிடைத்த பொய்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை நான் திருப்பதி பஸ் நிலையத்தில் இருந்தபோது சார் கூப்பிட்டார்.

“மேடம், உங்க ஆடியோலயும் ஒண்ணுமே இல்லையே?”

“தறி இருக்கே சார்.”

“வெளயாடாதீங்க. அவங்க விரல் காட்றத வீடியோவாவது எடுத்தீங்களா?”

“எடுக்கல. எடுத்தா அது எங்க போகும், யார் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த வீட்டு ஆம்பளைங்க யாராவது பாத்தா ஒரு பொண்ணோட படிப்பு போயிரும்.”

“அப்ப நான் எத நம்பறது?”

“சுகுணா செஞ்சத அப்படியே நானும் செஞ்சிருக்கேன் சார். அவ பொய்யின்னா நானும் பொய்யி. ரெண்டு பேரையும் சேத்து நிறுத்திருங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. “நான் பொய் எழுதினது எப்பன்னு எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் முந்தி, மூணு வீடு. அதுக்கு வேணும்னா தனியா லெட்டர் அடிங்க. இந்தப் பதினொண்ணும் நெஜம்.”

சார் “பாக்கறேன்” என்று வைத்துவிட்டார். அலுவலகங்களில் பார்க்கிறேன் என்றால் என்ன என்று தெரிந்தவள் நான். என் வேலையும் போனதென்றே நினைத்தேன். சின்ன வீடு இன்னும் சில வருடங்கள் தள்ளிப் போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், கால் ஆடவில்லை.

சுகுணா வழியனுப்ப வந்திருந்தாள். பெசரட்டு பொட்டலம் ஒன்றைத் திணித்தாள். நான் சாரிடம் பேசியதைச் சொன்னபோது, “எனுக்காவ ஏன்க்கா?” என்று கேட்டாள். மேடம் எப்போது அக்காவானேன் என்று கவனிக்கவில்லை. பதில் சொல்வதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார். ஜன்னல் கண்ணாடி திறக்க வரவில்லை, துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. பஸ் உறும, பக்கத்தில் இன்னொரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்க, அவள் கீழே நின்றாள். கையில் இருந்த ஃபோன் மினுங்கியது. குனிந்து பார்த்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

பிறகு நிமிர்ந்து, எனக்குக்கூடப் புரியும்படி “சார்” என்று உதட்டை அசைத்துவிட்டு, கண்ணாடிக்கு நேரே கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினாள்.

முடிச்சுப் போட்டாகிவிட்டது. ஓட்டலாம். நானும் கண்ணாடியில் விரலை வைத்துத் திருகினேன். பஸ் திரும்பி அவள் மறையும்வரை இருவரும் திருகிக்கொண்டே இருந்தோம். பார்த்தவர்கள் கிறுக்கிகள் என்று நினைத்திருப்பார்கள்.

ரேணிகுண்டா தாண்டியதும் அண்ணன் கூப்பிட்டார். “வேலையெல்லாம் முடிஞ்சா? மலைக்குப் போயி கும்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, வழக்கமான இடத்துக்கு வந்தார். “இந்தத் தடவ எவ்வளவு தருவானுவ?”

“எப்பவும் உள்ளதுதாண்ணே” என்றேன். எப்போதும் சொல்வதையே சொன்னேன், பாதியை. இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லைபோல, மறுபடி கேட்டார். மறுபடியும் பாதியைச் சொன்னேன்.

மடியில் பெசரட்டு பொட்டலத்தின் மேல் கிடந்த என் இன்னொரு கையைக் குனிந்து பார்த்தேன். அது முழுவதையும் காட்டிக்கொண்டிருந்தது.